அந்தப் பள்ளிக்கூடம் எப்பிடி, ரீச்சர்?

வாசகர் கேள்வி – பதில்

நகரத்துப் பெரிய அரச பாடசாலையில் உங்கள் பிள்ளை படிக்கிறதா, அல்லது நீங்களே அங்கு படிக்கிறீர்களா, அதைப்பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையக் கடிதம் வந்திருக்கிறது. கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு, நெடுங்கேணி, வவுனியா என்று எல்லாப் பக்கத்தாலும் எழுதியிருக்கிறீர்கள். புகழ்ந்தவர்களும் ஏசினவர்களும் பாடசாலையின் பெயரைக் குறிப்பிட்டிருந்தார்கள். பெயர்களை நான் எடுத்துவிட்டேன். பெயரைப் போட்டால் சனம் பெயரைப்பற்றித்தான் கதைக்கும், குறை அப்படியே கிடக்கும்.

என்னைப் புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு சொல்: வன்னியில் 33 வருடம் கணிதம் படிப்பித்தவள் நான். கடைசி 9 வருடமும் இரண்டாயிரம் பிள்ளைகளுக்கு மேல் படிக்கிற ஒரு பாடசாலையில் பகுதித் தலைவராக இருந்தேன்.

கேள்வி: மகள் தரம் 5 புலமைப்பரிசில் சோதினையில் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்திட்டா. ரவுண் பள்ளிக்கூடத்தில் தரம் 6க்கு இடம் கிடைச்சிருக்கு. பக்கத்து வீட்டு அக்கா, “அங்கை விட்டால் பிள்ளை டொக்டர்தான்” எண்டு சொல்லுறா. என்ரை மச்சாளின்ரை மகன் அங்கை படிச்சவன். அவ சொல்லுறா, “பிள்ளை வந்ததோ வரேல்லையோ எண்டு பார்க்கவும் அங்கை ஆளில்லை” எண்டு. ஆரை நம்புறது ரீச்சர்?
– ஒரு தாய், கண்டாவளை

பதில்: தங்கச்சி, இரண்டு பேரையும் நம்புங்கோ. இரண்டு பேரும் தாங்கள் கண்டதைத்தான் சொல்கிறார்கள். அந்த அக்கா கண்டது உயர்தர உயிரியல் வகுப்பை. உங்கள் மச்சாள் கண்டது தரம் 8இன் கடைசிப் பிரிவான 8 ஈ வகுப்பை. மதில் ஒன்றுதான், அதிபரும் ஒருவர்தான், ஆனால் அந்த இரண்டு வகுப்புப் பிள்ளைகளும் படிப்பது ஒரே பள்ளிக்கூடத்தில் இல்லை. உயிரியல் வகுப்புக்கு ஆசிரியர் ஒரு நாள் லீவு போட்டாலே பெற்றோர் அதிபரின் வாசலில் நிற்பார்கள். 8 ஈக்குக் கணித ஆசிரியர் ஒரு தவணை முழுக்க இல்லாமல் இருந்ததை நானே கண்டிருக்கிறேன். ஒரு தாய்கூட வந்து கேட்கவில்லை. கேட்கலாம் என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவுமில்லை.

பெறுபேறு வந்த மறுநாள் வாசலில் பதாகை கட்டுவார்கள். மருத்துவத்துக்கு இத்தனை பேர், பொறியியலுக்கு இத்தனை பேர் என்று படத்தோடு போடுவார்கள். அந்தப் பிள்ளைகள் பட்ட பாடு எனக்குத் தெரியும், அந்தப் பதாகையைக் கண்டு நான் கண் கலங்கியதும் உண்டு. ஆனால் எத்தனை பேர் சோதினை எழுதினார்கள் என்று அதில் இருக்காது. தரம் 11இல் எழுதுகிற சாதாரண தரத்தில் (ஓ.எல்.) கணிதத்தில் தவறி, உயர்தரத்துக்கு வர முடியாமல் வீட்டோடு நின்றவர்கள் எத்தனை பேர் என்றும் இருக்காது. கணிதமும் தாய்மொழியும் உட்பட ஆறு பாடத்தில் சித்தி, அதில் மூன்று திறமைச் சித்தி இல்லாமல் வழமையான உயர்தர வகுப்புக்குள் காலெடுத்து வைக்க முடியாது என்று உங்களுக்குத் தெரியும்தானே. ஆகவே பள்ளிக்கூடத்தில் போய், “போன வருசம் எத்தனை பேர் ஓ.எல். எடுத்தவை, எத்தனை பேருக்குக் கணிதம் பாஸ்?” என்று கேளுங்கோ. நல்ல அதிபர் கொப்பியை எடுத்துக் காட்டுவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதை எழுதாவிட்டால் எனக்கு நித்திரை வராது. ஒரு நாள் காலைப் பிரார்த்தனையில் தரம் 7 பிள்ளை ஒன்று மயங்கி விழுந்தது. தூக்கிக்கொண்டு வந்து கதிரையில் இருத்தி, அவளின் பையைத் திறந்தேன். தண்ணீர்ப் போத்தல் கழுத்து வரைக்கும் நிறைந்திருந்தது. மூடியின் சீல்வளையம்கூட அறுபடவில்லை. “ஏன் அம்மா குடிக்கேல்லை?” என்றேன். பேசாமல் இருந்தாள். பிறகு மற்றப் பிள்ளைகளை வெளியே அனுப்பியதும் சொன்னாள்: “ரீச்சர், குடிச்சால் போக வேணும்.” பெண்பிள்ளைகளின் கழிவறையில் நாலு கதவு. மூன்றுக்குக் கொண்டி இல்லை. உள்ளே போனால் வெளியே ஒரு சினேகிதி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இடைவேளை இருபது நிமிடம், வரிசையோ மாமரம் வரைக்கும். அதனால் காலை ஐந்தரைக்கு வீட்டில் தேத்தண்ணி குடித்தால் பிறகு பின்னேரம் மூன்று மணிக்குத்தான். பஸ் ஏறி வருகிற பிள்ளை அவள். அந்த வருடம் அந்தப் பாடசாலையின் உயர்தரப் பெறுபேறு மிகத் திறம்.

நீங்கள் விளையாட்டுப் போட்டி அன்றும் பரிசளிப்பு விழா அன்றும் போகாதேயுங்கோ. அன்றைக்கு எல்லாப் பள்ளிக்கூடமும் நல்ல பள்ளிக்கூடம்தான். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போங்கோ. உங்கள் பிள்ளையைத் தரம் 6இல் எந்தப் பிரிவில் போடப் போகிறார்கள், அந்தப் பிரிவுக்குக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆர், அவர்கள் நிரந்தரமா அல்லது இடமாற்றக் கடிதத்தோடு இருக்கிறார்களா என்று கேளுங்கோ. கழிவறையை ஒருக்கால் நீங்களே உள்ளே போய்ப் பாருங்கோ. பிறகு ஒன்றரைக்கு மணி அடிக்கும்போது சைக்கிள் தரிப்பிடத்தில் நில்லுங்கோ. கதைத்துச் சிரித்துக்கொண்டு வருகிற பிள்ளைகளில் இரண்டு பேரை மறித்து, இன்றைக்கு எத்தனை பாடம் நடந்தது என்று கேட்டால் எட்டில் எத்தனை என்று கணக்காகச் சொல்வார்கள். பிள்ளைகள் இந்த விசயத்தில் பொய் சொல்வதில்லை.

பஸ்தான் கடைசி. கண்டாவளையிலிருந்து பரந்தனுக்கு வந்து, அங்கே மாறி, கிளிநொச்சிக்கு ஏற வேண்டும். பத்து வயதுப் பிள்ளை. பருவச்சீட்டுப் பிள்ளைகள் நிற்கிறதைக் கண்டு நிற்பாட்டாமல் போகிற பஸ் எத்தனை என்று அந்தச் சந்தியில் ஒரு காலை நின்றால் தெரியும். சிசு செரிய என்கிற பாடசாலைப் பிள்ளைகளுக்கான பஸ் உங்கள் பாதையில் நேரத்துக்கு ஓடுகிறதா என்று விசாரியுங்கோ. ஓடவில்லை என்றால், உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அந்த மூன்று பாடத்துக்கும் ஆசிரியர் இருந்தால், தரம் 11 வரைக்கும் அங்கேயே விடுங்கோ. என்னுடைய முடிவு அதுதான். சாதாரண தரப் பெறுபேற்றோடு உயர்தரத்துக்குப் புதிதாக விண்ணப்பித்து வேறு பாடசாலைக்குப் போகலாம், வாசல் பூட்டிப் போகாது. ஊரில் கணித ஆசிரியர் இல்லையென்றால் மட்டும் வேறு கதை. அப்போது பஸ்சோ, வாடகை ஓட்டோவோ, நாலு தாய்மார் சேர்ந்து பிடித்து அனுப்புங்கோ.

இப்படிச் சொல்கிறேன் என்பதற்காகப் பெரிய பாடசாலை என்ற எண்ணத்தையே நான் தள்ளவில்லை. 1940களில் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் காலத்தில் மத்திய பாடசாலைகள் வந்ததும், 1945இல் இலவசக் கல்வி வந்ததும் கிராமத்துப் பிள்ளைக்காகத்தான். புலமைப்பரிசில் சோதினையும் அந்தப் பிள்ளையை ஒரு நல்ல ஆய்வுகூடத்துக்கும் நூலகத்துக்கும் கொண்டு போகத்தான் தொடங்கியது. கண்டாவளைப் பிள்ளைக்கு அந்த மதிலுக்குள் உரிமை இருக்கிறது. அந்த உரிமை 8 ஈக்கும் இருக்கிறது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கேள்வி: எல்லாரும் எங்கட ஸ்கூலைக் குறை சொல்லுகினம். பெற்றோரைக் கேக்கினம், பழைய மாணவரைக் கேக்கினம். எங்களை ஒருத்தரும் கேக்கிறேல்லை. எனக்கு என்ரை ஸ்கூல் விருப்பம். ஏன் எண்டு சொன்னால் போடுவியளோ?
– உயர்தர மாணவன், கிளிநொச்சி

பதில்: போடுகிறேன் தம்பி. நீங்கள் எழுதியதையே போடுகிறேன்: “நான் வந்த பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் கரும்பலகையில்தான் நடந்தது. இங்கை வந்துதான் துளித்துளியாக விடுகிற பியூரெட் குழாயைக் கையில் பிடிச்சனான். ஒரு துளி, இன்னொரு துளி, பிறகு கூம்புக் குடுவை முழுக்க இளஞ்சிவப்பு. அண்டைக்கு நான் மத்தியானம் சாப்பிடவும் போகேல்லை.”

இதை வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். இந்த ஒரு துளிக்காகத்தான் பெரிய பாடசாலை வேண்டும். சின்னப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் அந்த ஆய்வுகூடத்தை இன்றைக்கே கொடுக்க முடியாது.

உங்களைப் போல எழுதின மற்றப் பிள்ளைகளும் ஆய்வுகூடம், மைதானம், பாண்ட் வாத்தியம், சாரணியம், தமிழ்த்தினப் போட்டிக்கு மாகாணம் வரை போய் வந்தது என்றுதான் எழுதியிருக்கிறார்கள். பெற்றோரின் கடிதங்களில் இதில் ஒன்றுமே இல்லை, எல்லாம் புள்ளியும் ரியூசனும் காசும். பிள்ளைகளின் குறையும் வேறு. நூலகம் ஒன்றரைக்குப் பூட்டுப்படுகிறது, பஸ் மூன்று மணிக்கு, இடையில் எங்கே இருப்பது? இதை ஐந்து பிள்ளைகள் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். உங்கள் மாணவர் பாராளுமன்றத்தில் இதை ஒரு தீர்மானமாக எழுதி அதிபரிடம் கொடுங்கள். ஆசிரியர் ஒருவரும் இரண்டு மாணவத் தலைவர்களும் முறை போட்டால் முடிகிற காரியம் இது.

ரியூசனைப்பற்றி நீங்கள் எழுதினதையும் மறைக்கவில்லை. 13ஆம் தரத்தில் பாதிக் கதிரை வெறுமையாக இருக்கிறது என்கிறீர்கள். பாடசாலைப் பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுத 80 சதவீத வரவு கேட்பார்கள். அதைக் கையெழுத்தில் மட்டும் சரிக்கட்டுகிற பழக்கம் பிள்ளைக்கு மட்டுமல்ல, வகுப்புக்கு வந்து வெறுங்கதிரைக்குப் படிப்பிக்கிற ஆசிரியருக்கும் செய்கிற அநியாயம். யாழ்ப்பாணத்திலிருந்து விடிய ஐந்து மணிக்கே வெளிக்கிட்டு ஏ9 வீதி வழியாக வருகிற ஆசிரியர்கள் எத்தனை பேரை எனக்குத் தெரியும். ஒன்றரைக்கு அவர்கள் பஸ்சுக்கு ஓடுகிறார்கள் என்று பெற்றோர் ஏசுகிறார்கள். அவர்கள் வந்த நேரத்தையும் ஒருக்கால் பாருங்கள்.

கேள்வி: சேர்க்கும்போது “அன்பளிப்பு” எண்டு ஒரு தொகை கேட்டார்கள். கடன் பட்டுக் கொடுத்தேன். பற்றுச்சீட்டு தரவில்லை. இது சரியா?
– தகப்பன், வவுனியா மாவட்டம்

பதில்: சரியில்லை. அனுமதிக்காகப் பெற்றோரிடம் காசு வாங்கக் கூடாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு மனமுவந்து கொடுக்கிற காசென்றாலும் சங்கத்தின் பற்றுச்சீட்டு வேண்டும், அது கணக்கில் வர வேண்டும். முதலில் எழுத்தில் பற்றுச்சீட்டுக் கேளுங்கள், பிரதி வைத்திருங்கள். தராவிட்டால் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதுங்கள். அதற்கும் அசையாவிட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. பிள்ளையைப் பழிவாங்குவார்கள் என்ற பயம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. தனியே போகாதேயுங்கள், காசு கொடுத்த மற்றப் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: மகனை உயர்தரத்துக்கு யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரிக்கு அனுப்பினால் கம்பஸ் நிச்சயம் என்கிறார்கள். அனுப்பட்டோ?
– முல்லைத்தீவு வாசகர்

பதில்: நிச்சயம் என்று சொல்பவருக்குப் பல்கலைக்கழக அனுமதி எப்படி நடக்கிறது என்று தெரியாது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவும் கிளிநொச்சியும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுக்குள் வருகின்றன. எந்த மாவட்டப் பாடசாலையில் எத்தனை வருடம் படித்தது என்பது இதில் கணக்கெடுக்கப்படும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் அந்தப் பக்கத்தை வாசிக்காமல் பெட்டி கட்டாதேயுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமே கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. 2021இலிருந்து வவுனியாவில் தனிப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. அங்கே போவதற்கு வழி யாழ்ப்பாணம் மட்டும்தான் என்று பிள்ளையை நினைக்க வைக்காதேயுங்கள்.

கேள்வி: நான் தரம் 9. கடைசிப் பிரிவு. எங்கட வகுப்பை “மொக்கு வகுப்பு” எண்டுதான் சொல்லுறவை. போன கிழமை ஒரு சேர் எல்லாருக்கும் முன்னாலை அடிச்சவர். வீட்டிலை சொன்னால் நீ என்ன செய்தனி எண்டு கேப்பினம். எனக்குப் பள்ளிக்கூடம் போக விருப்பமில்லை.
– பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை எல்லாவற்றுக்கும் முதல் வாசித்தேன். பதில் எழுதத்தான் கடைசியாக வந்தேன், ஏனென்றால் இதை எழுதக் கை வரவில்லை.

உங்களை அடித்தது பிழை. கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை பாடசாலையில் உடல் ரீதியான தண்டனையைத் தடுக்கிறது. நீங்கள் என்ன செய்திருந்தாலும் அது பிழைதான். 1929 என்ற இலக்கத்துக்கு எந்தத் தொலைபேசியிலிருந்தும் எடுக்கலாம், அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் இருந்தால் அவரிடம் போங்கள். அதற்கும் முதல் இந்தப் பக்கத்தை வெட்டி அம்மாவிடம் கொடுங்கள். அம்மா, நீங்கள் வாசிக்கிறீர்கள் என்றால், “நீ என்ன செய்தனி” என்று இன்றைக்கு மட்டும் கேட்காதேயுங்கோ. “நொந்ததோ?” என்று கேளுங்கோ.

நானும் அடித்திருக்கிறேன் தம்பி. 1996இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து, அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கம் மரங்களுக்குக் கீழே வகுப்பு நடத்திய காலம். ஒவ்வொரு மரமும் ஒரு வகுப்பு. கேத்திரகணித பாடத்துக்குக் கொம்பாஸ் பெட்டி கொண்டு வராத பெடியன் ஒருவனுக்கு மூன்று நாள் தொடர்ந்து உள்ளங்கையில் அடித்தேன். ஒரு சொல்லும் சொல்லாமல் கையை நீட்டினான். நாலாம் நாள்தான் தெரிந்தது, வீட்டில் ஒரேயொரு கொம்பாஸ் பெட்டி, அது அவனுடைய அக்காவிடம் இருந்தது. அக்கா அடுத்த மரத்துக்குக் கீழே ஓ.எல். வகுப்பில் இருந்தாள். என் பாடம் நடக்கிற அதே நேரம் அவளுக்கும் கணிதம். முப்பது அடி தூரம் இருக்காது. நான் ஒருக்கால் “ஏன்?” என்று கேட்டிருந்தால் போதும். அன்றைக்குத் தடியை முறித்து அடுப்புக்குள் வைத்தேன். அதற்குப் பிறகு தொட்டதில்லை. அந்தப் பெடியன் எங்கே இருக்கிறான் என்று இன்றைக்கும் தேடுகிறேன்.

உங்கள் பிரிவுக்கு ஒரு சொல் இருக்கிறது என்றீர்களே, அந்தச் சொல்லைப் பெரிய பாடசாலைகள்தான் உண்டாக்குகின்றன. புள்ளி வாரியாகப் பிரித்துக் கடைசி நாற்பது பேரை ஒரு அறைக்குள் போட்டுவிட்டு, ஆசிரியர் குறைந்தால் அந்த அறையிலிருந்தே முதலில் எடுப்பார்கள். பகுதித் தலைவராக இருந்தபோது நான் இதற்காகச் சண்டை பிடித்தேன். இரண்டு வருடம் கலந்து பிரித்தோம். கடைசி வாங்கில் இருந்த பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளையிடம் பின்னக் கணக்குக் கேட்டுப் படித்ததை என் கண்ணால் கண்டேன். மூன்றாம் வருடம் பெற்றோர் கூட்டத்தில், “எங்கட பிள்ளையளின்ரை படிப்புக் கெடுது” என்று சிலர் எழும்பினார்கள். திரும்பப் பழையபடி பிரித்தாயிற்று. அந்தக் கூட்டத்தில் கடைசிப் பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோர் நாலு பேர்கூட வரவில்லை. கூலி வேலைக்குப் போகிறவர்கள், வயல் அறுவடை நேரம், பகல் பத்து மணிக்குக் கூட்டம். யாருக்கு வசதியான நேரம் அது?

உங்களுக்குக் கை வேலையில் விருப்பம், சைக்கிள் திருத்துவீர்கள் என்று பின் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். 2013இலிருந்து உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில் ஓ.எல். பெறுபேறு சரிவராதவர்களுக்கும் தொழிற்பாடம் இருக்கிறது. எல்லாப் பாடசாலையிலும் இல்லை, உங்கள் வலயத்தில் எங்கே என்று நான் கேட்டுச் சொல்கிறேன். முகவரி வேண்டாம், பத்திரிகைக்கே திரும்ப எழுதுங்கள்.

கேள்வி: நாங்கள் வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள். வாசலில் பெரிய வரவேற்பு வளைவு ஒன்று கட்டக் காசு சேர்க்கிறோம். 2009 போரில் எல்லாம் அழிந்த பள்ளிக்கூடம், நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. உங்கள் அபிப்பிராயம்?
– பழைய மாணவர் ஒருவர், கனடா

பதில்: அந்த ஆசை எனக்கு விளங்குகிறது. கூரையில்லாத மண்டபத்தில் தறப்பாள் கட்டி மீண்டும் வகுப்புத் தொடங்கியவர்களில் நானும் ஒருத்தி. செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து வந்த பிள்ளைகள் இடாப்பில் பெயர் கூப்பிடும்போது ஆர் இருக்கிறார்கள், ஆர் இல்லை என்று ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. நிமிர வேண்டும்தான்.

ஆனால் வளைவை இப்போது விடுங்கள். மேலே கண்டாவளைத் தாய்க்கு எழுதியதை வாசித்தீர்கள்தானே. அந்தக் காசில் பெண்பிள்ளைகளுக்குப் பத்துக் கழிவறை கட்டி, தண்ணீர் தாங்கி வைத்து, தினமும் கழுவ ஒரு ஆளுக்கு மாதச் சம்பளம் போடலாம். கட்டுவதைவிட அந்தச் சம்பளம்தான் முக்கியம், கட்டிவிட்டுப் போன கழிவறைகள் எத்தனையோ பூட்டிக் கிடக்கின்றன. மிச்சம் இருந்தால் நூலகத்தைப் பின்னேரம் நாலு மணி வரை திறந்து வைக்கிறவருக்குக் கொடுங்கள்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது மாலை மரியாதைக்கு முதல் உங்கள் மனைவியையோ மகளையோ அந்தப் பக்கம் அனுப்புங்கள். ஒவ்வொரு கதவையும் உள்ளே நின்று கொண்டி போட்டுப் பார்த்துவிட்டு, எத்தனை பூட்டுப்பட்டது என்று எனக்கு எழுதுங்கள்.